பதியாத விரல்

அத்தியாயம் 11

சட்டைப் பையில் கிருபாவின் பெயர் இருந்தது.

பொற்கொடி அதைத் தேடிப் போகவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைப்பதற்கு முன் பையைத் தட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அப்பா எதையாவது வைத்துவிட்டு மறந்துவிடுவார். இன்று கையில் வந்தது நாலாக மடித்த ஒரு மஞ்சள் தாள். மேலே 'மூத்தோர் அரண்' என்று அச்சடித்திருந்தது. கீழே ஒரு கேள்வி: 'உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் வங்கி யாரிடம் கேட்க வேண்டும்?' அதற்கு நேராக, அப்பாவின் கோணல் எழுத்தில், கிருபா.

ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, தாளைத் திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மூன்று வருஷமாக ஐயாசாமிக்கு வெந்நீர் வைப்பவள் அவள். சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவள் அவள். வால்பாறை எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிவிட்டு, லைன் வீட்டைக் காலி செய்து இரண்டு தகரப் பெட்டியோடு பொள்ளாச்சியில் வந்து இறங்கிய மனிதருக்குத் தன் முன்னறையை ஒழித்துக் கொடுத்தவள் அவள். போன கார்த்திகையில் கணவர் தமிழ்ச்செல்வன் பஸ் டிப்போவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, அந்தப் பதினாறு நாளும் அப்பாவுக்கு நேரத்துக்குச் சோறு போனது. அதையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

பெயர் மட்டும் கிருபாவுடையது.

“அப்பா, இதென்னங்க?”

ஐயாசாமி கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையென்றால் அவருக்கு முகம் மழிக்க வேண்டும். சனிக்கிழமைதான் சின்ன மகள் கோயமுத்தூரிலிருந்து வருவாள்.

“பாரம் கண்ணு. இன்னைக்கு மீட்டிங்ல குடுக்கோணும்.”

“பேரு எழுதியிருக்கறீங்க.”

“ஆமா. ஒரே ஊட்ல இருக்கறவங்க பேரு எழுதக் கூடாதாமா. அக்கட்டால இருக்கற ஆளாப் பாத்து எழுதோணுமாம். ரூல்ஸு.”

“ஏனுங்க கூடாது?”

அவர் காது மிசினைத் தட்டிவிட்டுக்கொண்டார். கிருபா வாங்கிக் கொடுத்தது. சனிக்கிழமை மட்டும் மாட்டுவார். மற்ற ஆறு நாளும் பொற்கொடியின் குரலைக் கேட்க அது அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

“அதென்னமோ, நெறையா எடத்துல கூட இருக்கறவங்களே ஏமாத்திப்போடறாங்களாம்.”

“அப்ப நானு திருடிங்களா?”

“உன்னய யாரு சொன்னா?”

“சோறு போடறவ மேல சந்தேகம். வாரத்துல ஒருநா வந்து எட்டிப் பாக்கறவ மேல நம்பிக்கை. நல்ல ரூல்ஸுங்கப்பா. யாரு போட்டது, உங்க சின்னவளா?”

“பத்துப் பேரு கூடிப் போட்டதாமா,” என்றார் ஐயாசாமி, பாதி முகம் சோப்பு நுரையோடு. அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது. வங்கி மேலாளர், பாதிரியார், மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், ஜமாஅத்திலிருந்து ஒருவர், ஆட்டோ ஸ்டாண்டு செயலாளர், எல்லோருக்கும் நடுவில் கிருபா. பொற்கொடி தலை சீவ நின்றால் முதலில் தெரிவது தங்கையின் சிரிப்புதான்.

பொற்கொடி பிறந்தபோது அந்தக் குடும்பம் மாரியம்மனைக் கும்பிட்டது. ஏழு வருஷம் கழித்து கிருபா பிறந்தபோது சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூத்தவளை எட்டாவதோடு நிறுத்திக் கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டார்கள். இளையவளை பாதர் கோயமுத்தூர் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். இப்போது அவள் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். வயசானவர்களிடம் பணம் பிடுங்கும் கும்பல்களைப் பற்றி ஒரு வருஷமாக வங்கி, தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கோயில், சர்ச், பள்ளிவாசல் என்று ஏறி இறங்கி, ஒருவரோடு ஒருவர் பேசாதவர்களையெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து 'மூத்தோர் அரண்' அமைப்பைத் தொடங்கிவிட்டாள். ஊரே அவளைப் பாராட்டுகிறது.

பாராட்டட்டும். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த மஞ்சள் தாள் பொற்கொடியைச் சுட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை, தமிழ்ச்செல்வனின் வருஷ நினைவு நாளுக்குப் போஸ்டர் அடிக்கக் கொடுக்க ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. படமெல்லாம் அவர் போனில்தான் இருந்தது. அந்தப் போனை அவள் சாகவிடவில்லை. வாரம் தவறாமல் சார்ஜ் போடுவாள், ரீசார்ஜ் செய்வாள், சத்தத்தை அணைத்துப் பீரோவில் வைப்பாள். திரையைத் திறக்க மட்டும் பதினொரு மாதமாக மனசு வரவில்லை.

திங்கட்கிழமை திறந்தாள். படத்துக்கு முன்னால் வந்து நின்றவை வங்கிச் செய்திகள்.

அப்பாவின் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவர் தமிழ்ச்செல்வன். வங்கியில் கொடுத்த போன் எண்ணும் அவருடையதே. மார்ச்சிலிருந்து மாதம் ஒரு நாள், ஐந்தைந்து நிமிஷ இடைவெளியில், இரண்டு முறை, சில மாதம் மூன்று முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்தது ஒரு முறைப் பணம்தான். எடுக்கப்பட்ட நாளெல்லாம், கைரேகை மிசினோடு வீடு வீடாக வந்து வங்கிப் பணம் எடுத்துக் கொடுக்கும் மயில்சாமி வந்துபோன நாள்.

அந்த மயில்சாமியை வீட்டுக்குள் விட்டது பொற்கொடி.

அப்பாவின் விரல் எந்த மிசினிலும் ஒழுங்காகப் பதியாது. ரேஷன் கடையில் பதியாது, வங்கியில் பதியாது. அந்த வீதியில் குடியிருக்கும் எஸ்டேட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அப்படித்தான். கவாத்துக் கத்தியும் கொழுந்தும் மருந்தும் ரேகையை வழித்துவிட்டன. “பதியலைங்க, இன்னொருக்கா வைங்க” என்றால் அவர்கள் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தங்கள் விரல்தான் குற்றவாளி என்று வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி வைப்பார்கள். முதல் தடவையே பதிந்துவிட்டது, இரண்டாவது தடவை வைத்தது இன்னொரு முறை பணம் எடுப்பதற்கு என்று யாருக்குத் தோன்றும்?

மார்ச்சில் கிருபா சர்ச் ஹாலில் முகாம் போட்டபோது, “அப்பாவ கூட்டிட்டு வாங்கக்கா, எல்லாரு முன்னாலயும் வச்சு பணம் எடுத்துக் குடுப்பாங்க” என்று இரண்டு முறை போன் செய்தாள். பொற்கொடி போகவில்லை. தங்கை நடத்தும் வரிசையில் தானும் ஒரு ஆளாக நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரமே வாசலில் பைக் நின்றது.

“உங்க தங்கச்சி கேம்ப்புல ரெண்டு மணி நேரம் நிக்கோணுமுங்க்கா. நானு ஊட்டுக்கே வாரனுங்க” என்றான் மயில்சாமி.

அந்த ஒரு பேச்சுக்கே அவள் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதோடு விடவில்லை. வீதியில் ஏழு வீட்டுக்கு அவனை அழைத்துப் போய் அறிமுகம் செய்தாள். “கேம்ப்புக்கெல்லாம் எதுக்குங்க அலையறீங்க, நம்ம பையன் வருவான்.” அந்த ஏழு வீட்டிலும் அவளுக்கென்று ஒரு மரியாதை வந்திருந்தது. கிருபா கொடுக்காத ஒன்றை அவள் கொடுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவனைப் போனில் கேட்டாள். “சர்வர் கோளாறுங்க்கா, தன்னால திரும்ப ஏறிருமுங்க” என்றான். நம்ப வேண்டும் போல இருந்ததால் அவளும் விட்டுவிட்டாள். புதனும் வியாழனும் போயின. தெருமுனையில் நாகூர் மீரானின் மருந்துக்கடைச் சுவரில் அரணின் போஸ்டர் ஒட்டியிருந்தது: 'சந்தேகமா? இங்கே சொல்லுங்கள்.' இரண்டு முறை அங்கே போனாள். இரண்டு முறையும் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

மீரானிடம் சொன்னால் அது கிருபாவுக்குப் போகும். கிருபா வந்து அக்காவைப் பார்ப்பாள். திட்ட மாட்டாள். அதுதான் தாங்காது. பரிதாபமாகப் பார்ப்பாள்.

*

ஒன்பதரைக்குக் கிருபாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மழைக்கோட்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள்.

“அப்பா, ரெடியாயிட்டீங்களா? இன்னைக்கு உங்களத்தான் மேடையில மொத ஆளா உக்கார வைக்கறோமுங்க. சட்டை என்ன இப்புடி மின்னுது!”

“உங்கப்பன் சட்டை தானா மின்னாது. தேய்ச்சா மின்னும்,” என்றாள் பொற்கொடி அடுப்படியிலிருந்து.

“அதான் தெரியுமேக்கா.” கிருபா சிரித்தாள். “நீங்களும் வாங்க. முன்வரிசையில சேர் போட்டிருக்கறேன்.”

“எனக்கு வேலை கெடக்குது.”

“ஒரு மணி நேரந்தானுங்க்கா.”

“நீ ஒரு மணி நேரம் வந்துட்டுப் போறவ. உனக்கு எல்லாமே ஒரு மணி நேரந்தான்.”

கிருபாவின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “மச்சானுக்கு வருசம் அடுத்த வாரந்தானுங்க? நானு ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்தர்றேன்.”

“எதுக்கு? இங்க செய்யறதுக்கு ஆளிருக்குது.”

பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தாள். “சின்னது வந்ததும் பெரியவரு மொகத்துல களையப் பாருங்க! மாப்பிள்ளையாட்டம் கெளம்பிட்டாரு.”

களை வந்தது வெந்நீரால், இஸ்திரியால், நேரத்துக்குப் போட்ட மாத்திரையால் என்று பொற்கொடி சொல்லவில்லை. அப்பா தங்கையின் பின்னால் ஸ்கூட்டரில் ஏறி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தன்னோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோ கம்பியைத்தான் பிடித்துக்கொள்வார்.

ஸ்கூட்டர் திரும்பிய சந்திலிருந்தே ஒரு பைக் வந்தது. மயில்சாமி.

அது அவள் வீட்டு வாசலில் நிற்கவில்லை. நாலு வீடு தாண்டி, கருப்பாத்தாள் வீட்டு முன் நின்றது.

கருப்பாத்தாள் அப்பாவோடு எஸ்டேட்டில் இருந்தவள். இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறாள். ஓய்வூதியம் நிற்காமல் வர வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைத்துச் சான்று கொடுக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருப்பான். பொற்கொடி அறிமுகம் செய்த ஏழில் அதுவும் ஒரு வீடு.

அவள் வாசலில் நின்றாள். சர்ச் ஹாலிலிருந்து மைக் சோதிக்கும் சத்தம் கேட்டது. இன்னும் அரை மணி நேரத்தில் தங்கைக்கு மாலை போடுவார்கள். அந்த நேரம் பார்த்து, 'உங்கக்கா வீட்டிலேயே திருட்டு' என்று தானே போய்ச் சொல்வதா? இன்று போகட்டும். திங்கட்கிழமை மயில்சாமியைத் தனியாகப் பிடித்து, பணத்தைத் திருப்பி வாங்கி, சத்தமில்லாமல் முடித்துவிடலாம்.

அப்படி நினைத்துக்கொண்டேதான் செருப்பைப் போட்டாள். கால் எப்போது நடக்க ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

*

“பதியலைங்க பாட்டி. இன்னொருக்கா வைங்க.”

வாசல்படியிலேயே அந்தக் குரல் கேட்டது. பொற்கொடி உள்ளே போனாள்.

“எத்தனையாவது தடவைங்க பெரியம்மா?”

“வா சாமி. மூணாவது.” கருப்பாத்தாள் தன் விரலைத் தானே வெறுப்போடு பார்த்தாள். “நானு உசுரோட இருக்கறேன்னு இந்த மிசினு ஒத்துக்க மாட்டேங்குது. செத்தவ வெரலாட்ட ஆயிப்போச்சு.”

“வைக்காதீங்க.”

“ஏனுங்க்கா?” மயில்சாமி நிமிர்ந்தான். முகத்தில் அதே பவ்யம்.

“ரசீது குடு. மூணு தடவைக்கும்.”

“பிரிண்டர் ரிப்பேருங்க.”

“எங்கப்பனுக்கு எட்டு மாசமா ரிப்பேரு. மிசினக் குடு.”

“அக்கா, சர்வர்னு சொன்னனுங்களே…”

“மிசினக் குடுறா!”

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எதிர்ச்சாரி முனையிலிருந்த மருந்துக்கடையில் நாகூர் மீரான் நிமிர்ந்து பார்த்தார். மயில்சாமி மிசினைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே பாய்வதற்குள், மீரான் பைக் சாவியை உருவித் தன் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க தம்பி. ஸ்டேஷனுக்குப் போன் போட்டாச்சு.” பொற்கொடியின் பக்கம் திரும்பினார். “ரெண்டு தடவை வந்து தலைவலி மாத்திர வாங்கிட்டுப் போனீங்க. சொல்ல வந்தது மாத்திரை இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. கேட்டா ஓடிருவீங்கன்னு கேக்கல.”

பொற்கொடி கருப்பாத்தாளின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். போனை, செய்திகளை, ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை. சொல்லி முடித்துவிட்டுத் தலை குனிந்தாள்.

“என்னய நம்பித்தானுங்க அவன ஊட்டுக்குள்ள வுட்டீங்க. நானுதான் கொண்டாந்து வுட்டேன்.”

கருப்பாத்தாள் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“உன்னய நம்பியா? அட, அதில்ல சாமி. நீ கூட்டியாந்த அன்னைக்கு நானு வேண்டாம்னுதானே சொன்னேன். மறுநா அவனே வந்து கார்டு காமிச்சான். உந்தங்கச்சி கையெழுத்துப் போட்டது. கிருபா போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்னு வுட்டேன்.”

பொற்கொடிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். தான் செய்த தப்பில்கூட அவளுக்கு இடமில்லை. அதுவும் கிருபாவின் பெயரில்தான் நடந்திருக்கிறது.

“எங்க அந்தக் கார்டு?”

மீரான் மயில்சாமியின் சட்டைக்குள்ளிருந்து கயிற்றோடு இழுத்து எடுத்தார். மூத்தோர் அரண். வீடு தேடிச் சென்று உதவும் தொண்டர். படம், முத்திரை, கீழே கிருபாவின் சுழித்த கையெழுத்து.

“என்னட்ட ஏன் இதக் காமிக்கல?”

மயில்சாமி முதல் முறையாகச் சிரித்தான். “உங்ககிட்ட காமிச்சிருந்தா வாசல்லயே அனுப்பியிருப்பீங்களே. தங்கச்சி பேரச் சொன்னாலே உங்க மொகம் மாறுதுங்க. அப்புறம் எப்புடிக் காமிக்கறது?” பிறகு, மீரானுக்குக் கேட்காமல் சொன்னான். “நானு உள்ள போனா அவங்க பேரும் பேப்பர்ல வருமுங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு அது சந்தோசந்தானுங்க?”

கன்னத்தில் அறைந்திருக்கலாம். அறையவில்லை. ஏனென்றால் அவன் கேட்ட அந்தக் கணத்தில், ஆமாம், ஒரு சந்தோஷம் தலைதூக்கியிருந்தது. கண்ணாடியில் ஒட்டிய படத்தைக் கிழிக்க ஒரு கை கிடைத்துவிட்டது. அப்பா அந்தப் பத்திரிகையையும் வெட்டி ஒட்டுவாரா?

அந்தக் கார்டை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

*

மீரானின் போன் கேட்டு கிருபா ஓடி வந்தாள். மாலை போட்டதற்கு அடையாளமாகத் தோளில் இரண்டு சம்பங்கி இதழ் ஒட்டியிருந்தது. அதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் வந்து மயில்சாமியை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

“அக்கா, அப்பா பணமா? எவ்வளவு போச்சுங்க? ஏன் என்கிட்ட…”

பொற்கொடி கார்டை நீட்டினாள்.

கிருபா படித்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை பொற்கொடி பக்கத்தில் நின்று பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம்தான் அது. பார்த்தபோது, மழையில் நனைந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நிற்கும் ஏழு வயசுப் பெண்ணின் முகமாக இருந்தது.

“போலீஸ்ல விசாரிச்சு எழுதிக் குடுத்தாங்கன்னாத்தான் கார்டு குடுக்கோணும். அதுதான் ஒப்பந்தம்,” என்றாள் கிருபா, யாரிடமோ சொல்வது போல. “தொடக்க விழாவுக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. பேப்பர் வரல. அஞ்சு பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.” கிருபா அக்காவின் கையைப் பிடித்தாள். “அக்கா, இன்னைக்கு வேண்டாமுங்க. பேங்க்காரங்க, ஸ்டேஷன்காரங்க, எல்லாரும் அங்க உக்காந்திருக்கறாங்க. இப்பச் சொன்னா ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிருவாங்க. ஒரு வருசம் அலைஞ்சேன். ஒரு வாரம் குடுங்க. நானே சத்தமில்லாம சரி பண்ணிப்போடறேன்.”

“திங்கக்கெழமை பண்ணிக்கலாம்னு நானும் அப்புடித்தான் நெனச்சேன்.” பொற்கொடி கையை விடுவித்துக்கொண்டாள். “திங்கக்கெழமைல இருந்து நெனச்சுட்டே இருந்தேன். இன்னைக்கு இந்தம்மா வெரல மூணு தடவை வச்சிருச்சு.”

“உங்களுக்கு எம்மேல கோவமுங்க. அதான்.”

“ஆமா. கோவந்தான். பொறாமைன்னே வச்சுக்கோ. உன்ற ஸ்கூட்டருல அப்பன் ஏறிப் போறதப் பாத்தாலே எனக்கு வயித்தெரிச்சல். ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?”

கிருபா கார்டைக் கீழே இறக்கினாள். “அப்பா உங்க ஊட்ல இருக்கறாருங்க. ராத்திரி இருமினா உங்களைத்தான் கூப்பிடறாரு. நானு இருந்தாலும் உங்களைத்தான் கூப்பிடறாரு. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு கூட்டம்தானுங்க்கா. அதையும் கேக்கறீங்களா?”

இப்படி ஒரு கணக்கு அந்தப் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் என்று பொற்கொடி ஒரு நாளும் நினைத்ததில்லை.

கட்டிலிலிருந்து கருப்பாத்தாள் இருமினாள். “ரெண்டு பேரும் சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. மிச்சம் ஆறு ஊட்டுக்கு யாரு சொல்றது?”

*

ஹால் நிறைந்திருந்தது. வெள்ளை வேட்டிகளும் நரைத்த கொண்டைகளும் நாப்தலின் வாசமும். மேடையில் வங்கி மேலாளருக்குப் பக்கத்தில் ஐயாசாமி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு மகள்களும் ஒன்றாக உள்ளே வருவதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. யாரைப் பார்த்து மலர்ந்தது என்று பொற்கொடி இந்த முறையும் கவனித்தாள். தெரியவில்லை.

கிருபா மேடைப் படியருகில் நின்றுவிட்டாள். பொற்கொடி அவளைத் தாண்டி ஏறினாள். வாழ்நாளில் மைக்கைப் பிடித்ததில்லை. பிடித்ததும் அது ஊளையிட்டது. சிலர் சிரித்தார்கள்.

“நானு ஐயாசாமியோட மூத்த மக. பொற்கொடிங்க. உங்களுக்குத் தெரிஞ்சது சின்னவளத்தான்.”

சிரிப்பு அடங்கியது.

“எங்கப்பா பணம் மார்ச்சுல இருந்து களவு போயிருக்குதுங்க. களவாண்டவன ஊட்டுக்குள்ள வுட்டவ நானு. இந்த ஹாலுக்கு வரக்கூடாதுங்கற வீம்புல வுட்டேன். இன்னும் ஏழு ஊட்டுக்கும் நானே கூட்டிட்டுப் போனேன். அந்த ஏழு ஊட்டுக்காரங்களும் இன்னைக்கே கணக்கப் பாருங்க. வெரல் பதியலைன்னு யாராவது ரெண்டாவது தடவை கேட்டா, ரசீது வாங்காம வைக்காதீங்க. உங்க வெரல் மேல தப்பில்லீங்க.”

அப்பாவைப் பார்க்காமலே பேசி முடித்தாள். பிறகு பார்த்தாள். ஐயாசாமி தன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. கோபமா, வேறேதாவதா என்று சொல்ல முடியாத பார்வை.

வங்கி மேலாளர் அவசரமாகக் குறிப்பெடுத்தார். ஹாலில் பேச்சு கிளம்பியது. யாரந்த ஆள், எந்தக் கம்பெனி, யார் அனுப்பினது?

அதற்கான பதில் மேடைப் படியருகில், கிருபாவின் கைக்குள் இருந்தது. பொற்கொடி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாய் வரை வந்தது. மைக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தங்கையிடம் நீட்டினாள். அந்த நீட்டலில் பாசம் எவ்வளவு, விழட்டும் என்ற ஆசை எவ்வளவு என்று கேட்டிருந்தால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

கிருபா மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் அக்காவுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் மாலை கிடந்தது.

பிறகு வாங்கிக்கொண்டாள்.

“எங்கக்கா ஒரு விசயத்தச் சொல்லாம வுட்டுட்டாங்க,” என்றாள். கார்டை உயர்த்திப் பிடித்தாள். “அந்த ஆள அனுப்புனது நானுங்க. விசாரிக்காம கையெழுத்துப் போட்டது நானுங்க.”

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. கோயில் கமிட்டித் தலைவர் எழுந்துவிட்டார். பாதிரியார் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். மேலாளர் பேனாவை மூடினார். கிருபாவின் முழங்கை பொற்கொடியின் முழங்கையில் வந்து இடித்தது. பொற்கொடி விலகவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து தம்பிதுரை என்ற பெரியவர் தடியை ஊன்றி எழுந்து மேடையருகே வந்தார். ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர், தனியாக இருப்பவர்.

“அம்மணி, அந்தக் கார்டக் கொஞ்சம் இப்புடித் திருப்புங்க.”

கிருபா திருப்பினாள்.

“கார்டு இதேதானுங்க. கையெழுத்தும் இதே.” அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார். “ஆனா எங்கூட்டுக்கு மாசாமாசம் வாரவன் இவனில்லீங்களே. அது ஒரு பொம்பளைப் புள்ள.”

பொற்கொடி தங்கையின் பக்கம் திரும்பினாள். கிருபாவின் உதடுகள் சத்தமில்லாமல் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போட்டது ஐந்து பேருக்கு. அந்த ஐந்தில் பெண் என்று யாருமே இல்லை.